படகுக்கு முன் ஆறு: நீலகிரியிலிருந்து ராஃப்டிங் செல்லும் குழுக்களுக்கு

நீலகிரி மாவட்டத்தில் ஆறுகளுக்குக் குறைவில்லை. முக்கூர்த்திச் சிகரத்தின் பக்கம் பிறக்கும் பைக்காரா, மலையின் விளிம்பை விட்டு இறங்கியபின் மாயாறு என்ற பெயருடன் முதுமலைக் காட்டையும் ஆழமான பள்ளத்தாக்கையும் கடந்து பவானிசாகரை அடைகிறது. குந்தா ஆறு தெற்கே இறங்கிப் பவானியில் கலக்கிறது. குன்னூர் ஆறும் கல்லாறும் மேட்டுப்பாளையத்தின் அருகே அதே பவானியைச் சேர்கின்றன. கூடலூர்ப் பக்கத்து நீரோ மேற்கே திரும்பி, கேரளத்தில் சாலியாற்றுக்குப் போய்ச் சேர்கிறது. இத்தனை ஆறுகள் இருந்தும், காற்றடைத்த ரப்பர் படகில் ஆறேழு பேர் அமர்ந்து, துடுப்புப் போட்டபடி நுரைத்தோடும் நீரில் இறங்கிச் செல்லும் ராஃப்டிங் என்ற சாகச விளையாட்டு இம்மலையில் நிலைபெறவில்லை. குன்னூரில் இயங்கும் ஓர் அலுவலகமோ, கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தின் இளைஞர் குழுவோ, உதகையின் கல்லூரி வகுப்போ ராஃப்டிங் செல்ல விரும்பினால் மலையை விட்டு இறங்கி வேறோர் ஆற்றைத் தேடித்தான் போக வேண்டும். அந்த ஆறு ஏன் இங்கே இல்லை என்பதைப் புரிந்துகொண்டவர்கள், வேறிடத்தில் எந்த ஆற்றை நம்பலாம் என்பதையும் எளிதாக முடிவுசெய்வார்கள்.

ராஃப்டிங்கிற்கு வேண்டியது பல கிலோமீட்டர் தூரம் தொடர்ந்து ஓடும் நீரும், மிதமான சரிவும், படகை இறக்கவும் ஏற்றவும் சாலை எட்டுகின்ற கரையும் ஆகும். நீலகிரியின் ஆறுகள் உயர்ந்த பீடபூமியில் புல்வெளிகளுக்கிடையே மெல்ல நெளிந்து வந்து, விளிம்பை அடைந்ததும் அருவிகளாக விழுந்துவிடுகின்றன. மேலே படகு நகராது, கீழே படகு தாங்காது. அத்துடன், இந்தச் செங்குத்தான வீழ்ச்சிதான் மின்சாரத்திற்கு உகந்தது என்பதை ஆங்கிலேய ஆட்சிக்காலப் பொறியாளர்கள் கண்டுகொண்டதால், 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியுடன் குந்தா மின் திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி, போர்த்திமந்து, கிளன்மார்கன் என்று பயணிகள் ஏரிகளாகக் கண்டு ரசிப்பவை யாவும் இத்திட்டங்களின் நீர்த்தேக்கங்களே. அவற்றின் நீர், ஆற்றுப்படுகை வழியே இறங்காமல், பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகவும் மலைச்சரிவில் பதித்த பெரும் குழாய்கள் வழியாகவும் மின்நிலையங்களுக்குச் செல்கிறது. இடையிலுள்ள படுகை ஆண்டின் பெரும்பகுதி ஒடுங்கிக் கிடக்கிறது.

மீதமிருக்கும் மாயாறு காட்டு விலங்குகளுக்கு உரியது. 2007இல் புலிகள் காப்பகமான முதுமலையையும், 2013இல் காப்பகமான சத்தியமங்கலத்தையும் தொட்டுச் செல்லும் இந்த ஆற்றில் முதலைகள் வாழ்கின்றன; கரையில் யானைகள் இறங்குகின்றன. நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த தெங்குமரஹாடா கிராமத்து மக்கள் இதே மாயாற்றைப் பரிசலில் கடந்து வாழ்ந்து வந்திருக்கிறார்கள் என்பதையும், வெள்ளம் வந்தால் அவர்களுடைய போக்குவரத்தே நின்றுவிடும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அவ்விடத்தைக் கேளிக்கைக்கு உகந்ததாக எண்ணத் தோன்றாது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் இப்பகுதியில் எவரேனும் நீர்ச் சாகசம் ஏற்பாடு செய்து தருவதாகக் கூறினால், அது வனச் சட்டத்தை மீறும் செயல் என்பதால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவது நல்லது.

அணை இருந்தாலே ராஃப்டிங் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மகாராஷ்டிரத்தின் கோலாடு பகுதியில் குண்டலிகா ஆற்றில் ராஃப்டிங் நடப்பதே மின்நிலையத்தின் தயவில்தான். முல்ஷி அணையின் நீர் பிரா மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு ஆற்றுப்படுகையில் விடப்படும் காலை வேளையில் படகுகள் அந்த நீருடனேயே கிளம்புகின்றன. வட கர்நாடகத்தில் தண்டேலி அருகே காளி ஆற்றிலும் மேலேயுள்ள சூபா அணையின் நீரே ஓட்டத்தை முடிவுசெய்கிறது. இலங்கையின் கித்துல்கலவில், தேயிலை மலைகளிலிருந்து இறங்கிவரும் களனி கங்கையில் நடக்கும் ராஃப்டிங்கும் மேலேயுள்ள மின்நிலையங்கள் விடும் நீரை நம்பியதே ஆகும். அங்கே 35 மெகாவாட் திறனுள்ள புரோட்லண்ட்ஸ் மின் திட்டம் கட்டப்பட்டபோது, ஆற்றின் நீர் படகுகளுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று ராஃப்டிங் தொழிலை நம்பியிருந்தவர்கள் கவலைப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் வேரூன்றிய குடும்பங்களுக்கு அந்த மலைகளும் அணைகளும் அந்நியமானவை அல்ல.

ஆகவே குழுவுக்குப் பொறுப்பேற்பவர் எந்த நிறுவனத்திடமும் முதலில் கேட்க வேண்டியது விலையைப் பற்றிய கேள்வி அன்று. இந்த ஆற்றுக்கு மேலே அணை இருக்கிறதா, இருந்தால் எந்த நேரத்தில் நீர் திறக்கப்படுகிறது, அச்செய்தி படகு நடத்துவோருக்கு எவ்வாறு வந்து சேர்கிறது என்பவையே முதற்கேள்விகள். இவற்றுக்குத் தெளிவான விடை சொல்லத் தெரியாதவருக்கு அந்த ஆறு தெரியாது. பில்லூர் அணைக்குக் கீழே மேட்டுப்பாளையம்வரை பவானிக் கரையில் வசிப்பவர்களுக்கு இதன் பொருள் விளக்காமலேயே விளங்கும். முழங்கால் அளவு நீரில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், மின் உற்பத்திக்காகத் திறந்த நீர் வந்து சேர்ந்ததும் நடு ஆற்றில் சிக்கிக்கொள்வதும், உயிரிழப்பதும் அங்கே பலமுறை நிகழ்ந்துள்ளன. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கி நின்ற ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரும், உடன் சென்ற சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும், லார்ஜி மின் திட்டத்தின் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் ராஃப்டிங் செல்லவில்லை. வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க இறங்கியவர்கள். ஒரு கல்லூரிச் சுற்றுலாவை ஏற்பாடு செய்பவர் எத்தனை விவரங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

நீலகிரிக்கு அருகே கிடைக்கும் வாய்ப்புகளில் மிக எளியது, மலையின் தெற்கு அடிவாரத்தில் பில்லூர் நீர்த்தேக்கத்தை ஒட்டியுள்ள பரளிக்காடு. அங்கே வனத்துறை பழங்குடி மக்களைக் கொண்டு நடத்தும் சூழல் சுற்றுலாவில், முன்பதிவு செய்தவர்களைப் பரிசலில் ஏற்றி அசைவற்ற நீரில் அழைத்துச் செல்கிறார்கள். மதிய உணவையும் அவ்வூர் மக்களே சமைத்துத் தருகிறார்கள். இது ராஃப்டிங் ஆகாது. ஆயினும் முதியவர்களும் சிறுவர்களும் கலந்த குழுவுக்கு, நீர்மேல் ஒரு நாள் கழிக்க வேண்டும் என்பதே ஆசை என்றால், தொலைவிலுள்ள ஆற்றைத் தேடிப் போவதைவிட இதுவே பொருத்தமானது என்று தயங்காமல் சொல்லலாம்.

உண்மையான ராஃப்டிங்கிற்கு நீலகிரி மக்கள் பெரும்பாலும் குடகை நோக்கிச் செல்கிறார்கள். குஷால்நகர் அருகே துபாரேயில் காவிரியிலும், தென் குடகில் பிரம்மகிரி மலையடிவாரத்தில் ஓடும் பாராபோல் ஆற்றிலும் படகுகள் விடப்படுகின்றன. இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருப்பதாலேயே ஒன்றுபோல் எண்ணிவிடுவதுதான் குழுக்கள் அடிக்கடி செய்யும் தவறு. துபாரேயில் ஆறு அகன்று, இடையிடையே மட்டும் சிறு விரைவோட்டங்களுடன் செல்கிறது. கேரளத்தில் இறங்கி வளபட்டணம் ஆற்றில் சேரும் பாராபோல், மழைக்காலத்தில் மட்டும் படகைத் தாங்கும் குறுகிய பாறை ஆறு. அதன் விரைவோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வருகின்றன. விரைவோட்டம் என்பது, சரிவாலும் பாறைகளின் நெருக்கத்தாலும் நீர் வேகங்கொண்டு அலையும் நுரையுமாகப் பாயும் பகுதியாகும்.

இந்த வேறுபாட்டை அளக்க உலகெங்கும் வழங்கிவரும் அளவுகோல், ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறது. முதல் தரத்தில் நீர் நகர்கிறது, சிற்றலை எழுகிறது, அவ்வளவே. இரண்டாம் தரத்தில் வழி அகலமாகவும் தெளிவாகவும் இருக்கும். மூன்றாம் தரத்தில் ஒழுங்கற்ற அலைகள் படகை நனைத்துத் திருப்பும். துடுப்புப் போடுவோர் கைடின் ஆணைக்கு உடனே இணங்கியாக வேண்டும். நான்காம் தரத்தின் நீர் வலியது. படகு கவிழ்ந்தால் விழுந்தவர் தானே கரையேறுவது கடினம் என்பதால் பிறர் உதவி தேவைப்படும். ஐந்தாம் தரம் நன்கு பயின்றவர்களுக்கு மட்டுமே உரியது. ஆறாம் தரத்தில் படகு விடுவது ஏறத்தாழ இயலாத காரியம். துபாரேயின் ஓட்டம் இயல்பான நாட்களில் மூன்றாம் தரத்தைத் தாண்டாது எனவும், பாராபோல் நான்காம் தரத்தைத் தொடும் எனவும் படகு நடத்துவோர் கூறுவர். முதல்முறை செல்வோர் நிறைந்த குழு துபாரேயில் தொடங்குவதே முறை.

ஒரே இடத்தின் தரம் எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. தென்மேற்குப் பருவமழையால் குடகின் ஆறுகள் ஜூன் முதல் செப்டம்பர்வரை நிறைந்தோடுவதால் அதுவே ராஃப்டிங் பருவமாகக் கருதப்படுகிறது. அதே மழை வரம்பு மீறும்போது அதே ஆறு எவரும் இறங்கக்கூடாத ஆறாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை எப்படிப் பெய்யக்கூடும் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேடவேண்டாம்: 2019 ஆகஸ்ட் 8 அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் குடகு மாவட்டம் வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் சிதைந்தது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டும் என்பதால், ஜூலையில் வானம் வெளுத்திருப்பதைக் கண்டு குடகிலும் அப்படியே இருக்கும் என்று கணக்கிடுவது பிழையாகும். புறப்படும் நாளுக்கு முந்தைய இரு நாட்களின் மழை அளவையும், மாவட்ட நிர்வாகம் ராஃப்டிங்கை நிறுத்தி வைத்திருக்கிறதா என்பதையும் கேட்டறிவது கட்டாயம்.

வடக்கே கங்கையில், ரிஷிகேஷில், நிலைமை வேறு. பிரம்மபுரியிலிருந்து இறங்கும் சிறிய பயணம், சிவபுரியிலிருந்து 16 கிலோமீட்டர், கௌடியாலாவிலிருந்து 36 கிலோமீட்டர் எனப் பல நீளங்களில் பயணங்கள் உண்டு. பெருமழைக்கால ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆறு மூடப்படும். ஆகவே குடகின் பருவம் முடியும் நேரத்தில்தான் ரிஷிகேஷின் பருவம் தொடங்குகிறது. பனியுருகி வரும் நீர் என்பதால் குளிர்காலத்தில் விழுந்தவரின் உடல் விரைவில் விறைக்கும். உதகையின் குளிருக்குப் பழகியவர்களும் அந்நீரின் குளிரை எளிதாக எண்ணலாகாது. நாட்டின் மிகப் பெரிய ராஃப்டிங் மையமான அங்கேயே, உரிய விதிகள் வகுக்கப்படும்வரை நீர்ச் சாகசங்களை நிறுத்தி வைக்குமாறு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஜூனில் உத்தரவிட நேர்ந்தது. தொழில் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் கட்டுப்பாடு தானாகவே உடன் வளர்ந்துவிடுவதில்லை என்பதால், சரிபார்க்கும் பொறுப்பு பயணியிடமும் இருக்கிறது.

சரிபார்ப்பதற்கு ஓர் அடிப்படை இருக்கவே செய்கிறது. இந்திய சாகச சுற்றுலா நடத்துவோர் சங்கம் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஆதரவுடன் 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் ராஃப்டிங்கிற்கும் தனிப்பகுதி உண்டு. படகை நடத்தும் கைடு, முதலுதவியிலும் ஓடும் நீரில் மீட்பதிலும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒரு படகு தனியே செல்லாமல், உதவிக்கு மற்றொரு படகோ, கயாக் எனப்படும் ஒருவர் செலுத்தும் சிறு மீட்புப் படகோ உடன்வர வேண்டும். கவிழ்ந்தவரை நோக்கி வீசுவதற்கான கயிற்றுப் பை ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும். மாநில அரசின் உரிமம், கைடின் சான்றிதழ், பயணிகளுக்கான காப்பீடு ஆகியவற்றின் நகலைக் கேட்பதில் கூச்சம் எதுவும் வேண்டியதில்லை. முறையாகத் தொழில் நடத்துவோர் அவற்றைக் காட்டத் தயங்குவதில்லை. தனிப்பட்ட பயணக் காப்பீடு வைத்திருப்போர், சாகச விளையாட்டு அதில் விலக்கப்பட்டுள்ளதா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். வளர்ந்த மனிதர் ஒருவரின் தலையை நீருக்கு மேலே தாங்கி நிறுத்த 3 முதல் 5 கிலோவுக்கு நிகரான மிதவை பொதுவாகப் போதும் என்றாலும், விரைவோட்டத்தின் நுரையில் காற்று மிகுதியாகக் கலந்திருப்பதால் அந்நீர் உடலைக் குறைவாகவே தாங்குகிறது. ஏரிப் படகுக்குப் போதுமான ஜாக்கெட் ஆற்றுக்குப் போதாமல் போவது இதனால்தான். பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்தால் ஜாக்கெட் முகவாய்க்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் நீரில் அது உடலை விட்டு நழுவும். நீச்சல் தெரிந்தவரும் இதை அணிந்தே ஆகவேண்டும். பாறையில் தலை மோதியவருக்கு நீச்சல் உதவாது. தலைக்கவசமும் அதே காரணத்துக்காகவே. ஆற்றில் விழுந்தவர் மல்லாந்து மிதந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறை இடுக்கில் சிக்கி, பின்னிருந்து வரும் நீர் உடலை முன்னே மடக்கி அமிழ்த்திவிடும். இதைக் கரையிலேயே செய்துகாட்டி விளக்காமல் படகைத் தள்ளும் கைடுடன் புறப்படக்கூடாது.

அந்த விளக்கம் எந்த மொழியில் கிடைக்கும் என்பதும் நீலகிரிக் குழுக்களுக்கு முக்கியமானது. ஒரே தோட்டத்திலிருந்து வரும் வண்டியில் தமிழ், படுகு, மலையாளம், கன்னடம் பேசுவோர் சேர்ந்திருப்பது இங்கே வழக்கம். கைடின் ஆணைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வரும். முன்னோக்கித் துழாவு, பின்னோக்கித் துழாவு, நிறுத்து, உள்ளே குனி என்ற நான்கைந்து ஆணைகளே அவை என்பதால், பயணத்துக்கு முந்தைய நாளே அனைவருக்கும் சொல்லிப் பழக்கிவிட முடியும்.

குழுவாகச் செல்வதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. தனியாகச் செல்பவர் பயந்தால் கரையில் நின்றுவிடுவார்; கூட்டத்தில் இருப்பவர் பயத்தை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 45 பேர் இறந்தனர். இறந்தோரில் தமிழகத்தினர் பலர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உறவினர் கூட்டமாகப் படகேறியவர்களில் 22 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீண்டும் 22 உயிர்கள் போயின. இவை எவையும் விரைவோட்டத்தில் நேர்ந்தவை அல்ல. நின்ற நீரிலும் மெல்ல நகரும் நீரிலும் நேர்ந்தவை. எல்லோரும் ஒரே படகில் போக வேண்டும் என்ற ஆசையும், ஜாக்கெட் இல்லாமலே ஏறிவிடும் துணிச்சலும், ஏற்றிக்கொள்பவரின் பேராசையும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. ராஃப்டிங் படகில் கைடைத் தவிர ஆறு முதல் எட்டுப் பேர் அமர்வதே வழக்கம். இருபது பேர் கொண்ட குழுவுக்கு மூன்று படகுகள் என்று முன்பே பேசி எழுதிவாங்க வேண்டும், அன்று படகு குறைவாக இருந்தால் காத்திருக்க வேண்டும்.

ஆகவே முன்பதிவுக்கு முன்னரே குழுத் தலைவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவது அவசியமாகிறது. இதயநோய், வலிப்பு, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, முதுகுவலி, கருவுற்ற நிலை ஆகியவற்றைப் பலர்முன் எவரும் சொல்லமாட்டார்கள். மேலதிகாரியும் தொழிலாளரும் ஒன்றாகச் செல்லும் பயணத்தில், வரவில்லை என்று சொல்வது தொழிலாளருக்கு இன்னும் கடினம். ஆற்றில் இறங்காதவருக்கும் கரையில் நாள் முழுவதும் செய்ய ஏதாவது இருக்கும்படி திட்டமிட்டால், மறுப்பவர் ஒதுக்கப்பட்டவராக உணரமாட்டார். துபாரேயில் யானை முகாம் இருப்பது இந்த வகையில் ஒரு வசதி. குறைந்தபட்ச வயதை நிறுவனம் எவ்வளவு என்று சொல்கிறதோ அதைத் தளர்த்தும்படி கெஞ்சக்கூடாது. கெஞ்சினால் தளர்த்துபவர்களிடம் குழந்தையை ஒப்படைக்கவும் கூடாது. குடித்தவரைப் படகில் ஏற்றுவதில்லை என்பதைக் குழுவே முன்கூட்டித் தீர்மானித்து அறிவித்துவிட்டால், அன்று கரையில் தகராறு எழாது.

இனிப் பணம். மழையையும் அணையையும் நம்பிய விளையாட்டு என்பதால், ரத்து செய்யும்போது என்ன நடக்கும் என்பதே ஒப்பந்தத்தின் உயிர்ப்பகுதி. நிர்வாகம் தடை விதித்தாலோ, நீர் மிகுந்தாலோ, நீர் போதாமற்போனாலோ முழுத்தொகையும் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதி கிடைக்குமா என்பதை வாட்ஸ்அப் செய்தியாகவேனும் எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். பணம் திரும்பாது என்ற நிலையில், ஆறு கலங்கிச் சிவந்து ஓடும் நாளிலும் கட்டிய காசு வீணாகக்கூடாது என்று குழுவே கைடை நெருக்கத் தொடங்கும். நடத்தும் நிறுவனத்துக்கும் இடையில் நிற்கும் முகவருக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்திருக்க வேண்டும்; விடுதியின் வரவேற்பறையில் பணம் வாங்குபவர் ஆற்றங்கரையில் இருக்கமாட்டார். கட்டணத்தில் ஜாக்கெட், தலைக்கவசம், படகு முடியும் இடத்திலிருந்து திரும்ப அழைத்துவரும் வண்டி, வன நுழைவுக் கட்டணம் ஆகியவை அடங்குமா எனக் கேட்டபின்பே இரு நிறுவனங்களின் விலையை ஒப்பிட முடியும்.

கடைசியாக, சாலை. உதகையிலிருந்து மைசூர் சுமார் 125 கிலோமீட்டர். அங்கிருந்து குஷால்நகர் மேலும் 85 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணிமுதல் காலை 6 மணிவரை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படுவதால், அன்றே மலை திரும்ப எண்ணும் குழு மாலை 4 மணிக்குள் துபாரேயை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். உடை மாற்றவும் உணவு உண்ணவும் ஆகும் நேரத்தைக் கழித்தால், ஆற்றில் இறங்கும் நேரம் நண்பகலைத் தாண்டக்கூடாது. வேறு மாவட்டப் பதிவெண் கொண்ட வாடகை வண்டி அமர்த்தினால் மலைக்குள் நுழைய இ-பாஸ் தேவை என்பதையும் வண்டிக்காரரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். நிறுவனம் பிற்பகல் நேரத்தையே ஒதுக்கித் தருமானால், குஷால்நகரிலோ மைசூரிலோ ஓர் இரவு தங்கும் செலவையும் சேர்த்தே தலைக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும்.